முயல் குட்டிக்கு அனுமதி இல்லை!

நியூயார்க் நகரம். ஃபிஃப்த் அவென்யூவும் 42-வது தெருவும் சந்திக்கிற இடத்தில் ஒரு பிரமாண்டமான பளிங்குக் கட்டடம். வாசலில் காவலுக்கு இரண்டு கல் சிங்கங்கள். நியூயார்க் பொது நூலகம்!

1940-களில் ஒரு நாள், உள்ளே குழந்தைப் புத்தகக்காரர்களுக்கு விருந்து. எழுத்தாளர்கள், பதிப்பாளர்கள், ஓவியர்கள் எல்லாரும் ஆஜர். வெளியே படிக்கட்டிலோ இரண்டு பெண்கள் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்! ஒருவர், மார்கரெட் வைஸ் பிரவுன் - குழந்தைகளுக்கு எழுதுகிறவர். இன்னொருவர், அவருடைய எடிட்டர் உர்சுலா நோர்ட்ஸ்ட்ராம். அழைப்பு வராத கோபத்தில் வாசலிலேயே தனி விருந்து நடத்திவிட்டார்கள் என்று இந்தச் சம்பவத்தை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அழைப்பு ஏன் வரவில்லை? அதற்கு இன்னொரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆன் கரோல் மூர். 1871-ல் பிறந்தவர். அவர் வேலைக்கு வந்த காலத்தில் நூலகத்துக்கும் குழந்தைகளுக்கும் ஆகவே ஆகாது. பல ஊர்களில், பதினாலு வயதுக்குக் கீழே இருந்தால் வாசலோடு சரி. குழந்தை என்றால் சத்தம் போடும், பக்கத்தைக் கிழிக்கும் என்று பயம் (பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன்!). 1896-ல் புரூக்ளினில் இருந்த பிராட் இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஓர் அறையைத் திறந்து, அதை மூரிடம் ஒப்படைத்தார்கள். குட்டிக் குட்டி நாற்காலிகள், கைக்கு எட்டுகிற உயரத்தில் அலமாரிகள். இன்று எல்லா நூலகத்திலும் சாதாரணமாகப் பார்க்கிறோம். அன்றைக்கு அது புரட்சி!

1906-ல் நியூயார்க் பொது நூலகம் அவரைக் கூப்பிட்டு, அத்தனை கிளைகளிலும் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவியாக்கியது. அம்மா வந்தார், அதிரடியாக வேலையை ஆரம்பித்தார். வயது வரம்பை எடுத்தார். 'பேசாதே' என்று மிரட்டிய பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, படங்களை மாட்டச் சொன்னார். கதை சொல்ல ஆட்களைப் போட்டார். 1921-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பூரா பெல்ப்ரே என்ற பெண் வேலைக்குச் சேர்ந்து, குடியேறிய குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் மொழியிலேயே கதை சொன்னார். பொம்மலாட்டம்கூட உண்டு! 1913 வாக்கில் கிளை நூலகங்களிலிருந்து வீட்டுக்குப் போன புத்தகங்களில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள் எடுத்துப் போனது.

உறுப்பினர் ஆக ஒரே ஒரு சடங்கு. ஒரு பெரிய கறுப்பு நோட்டில், புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே குழந்தை தன் பெயரை எழுதவேண்டும். எவ்வளவு அழகு! 'உன்னை நான் நம்புகிறேன்' என்று ஒரு ஆறு வயதுக்காரனிடம் அதற்கு முன்னால் யார் சொன்னார்கள்?

ஆனால், கவனித்தீர்களா... பெயர் எழுதத் தெரிந்தால்தானே கையெழுத்து? இரண்டு வயதுக் குழந்தை என்ன செய்யும்? அந்த நோட்டில் அதற்கு இடமே இல்லை. பிற்பாடு வெடித்த சண்டைக்கு விதை அங்கேயே இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நல்லது செய்தவர்களுக்குச் சீக்கிரமே ஒரு வியாதி வந்துவிடும். 'எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும்' என்கிற வியாதி. மூரிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. 'நிபுணரால் வாங்கப் பரிந்துரைக்கப்படவில்லை' என்பது அதன் வாசகம். நிபுணர் யார்? அவரேதான்! அந்த நாளில் குழந்தைப் புத்தகங்களைப் பெருவாரியாக வாங்கியது நூலகங்கள்தான். நியூயார்க் எதை வாங்குகிறது என்று நாடு முழுக்க நூலகர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஸ்டாம்ப் விழுந்தால் புத்தகத்தின் கதை கந்தல். பதிப்பாளர்கள் புத்தகத்தை அச்சடிக்கும் முன்பே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். பேச்சுவார்த்தைக்கு நடுவே தன் நிக்கலஸ் என்கிற மரப்பொம்மையையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார் அம்மையார். வந்தவர்கள் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் நெளிவார்கள்!

மூருக்குப் பிடித்தது தேவதைகள், ராஜகுமாரிகள், கனவு உலகம். அழகான மொழி, அழகான ஓவியம். இதே நியூயார்க்கில் இன்னொரு கோஷ்டி இதற்கு நேர் எதிர். லூசி ஸ்ப்ரேக் மிட்செல் என்ற கல்வியாளர், நர்சரிக் குழந்தைகள் பேசுவதை வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்துப் படித்துப் பார்த்தார். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்குத் தேவதையும் தெரியாது, ராஜகுமாரியும் தெரியாது. அதற்கு ரயில் சத்தம் ஆச்சரியம், சூடு ஆச்சரியம், தன் செருப்பு ஆச்சரியம். கதையைவிட ஓசை முக்கியம், சொன்னதையே திரும்பச் சொல்வது முக்கியம். 1921-லேயே இந்த முறையில் ஒரு கதைத் தொகுப்பையும் கொண்டுவந்தார். மூர் அதை ரசிக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன!

மிட்செல் நடத்திய பேங்க் ஸ்ட்ரீட் பயிற்சிப் பள்ளியில் 1935-ல் வந்து சேர்ந்தவர்தான் மார்கரெட் வைஸ் பிரவுன். எழுதியதைக் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துக் காட்டுவார். எந்த இடத்தில் நெளிகிறார்கள், எந்த இடத்தில் கூடவே கத்துகிறார்கள் என்று பார்த்துத் திருத்துவார். ஆக, அவருக்கு நிபுணர் யாரென்றால், மூக்கு ஒழுகுகிற மூன்று வயதுப் பொடியன்கள்!

1947-ல் அவர் எழுதிய 'குட்நைட் மூன்' வெளிவந்தது. ஓவியம், கிளெமென்ட் ஹர்ட். மொத்தமே ஏறக்குறைய 130 வார்த்தைகள். பச்சைச் சுவர் அறையில் ஒரு முயல் குட்டி படுக்கையில் கிடக்கிறது. தூக்கம் வரவில்லை. அறையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும், கடைசியில் காற்றுக்கும்கூட, இரவு வணக்கம் சொல்கிறது. அவ்வளவுதான் கதை! ஆனால் பக்கம் புரட்டப் புரட்ட அறை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே வரும். சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணி, எட்டு பத்து ஆகியிருக்கும். ஒரு சுண்டெலி ஒவ்வொரு வண்ணப் படத்திலும் இடம் மாறி ஒளிந்திருக்கும். படிக்கிற அப்பா கவனிக்கமாட்டார். மடியில் இருக்கிற குழந்தை 'தோ... எலி!' என்று கண்டுபிடித்துவிடும்.

இதில் ஒரு தமாஷ். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் ஒரு பசு நிலாவைத் தாண்டிக் குதிக்கிறது. பசு என்றால் மடி இருக்குமே, நூலகர்கள் முகம் சுளிப்பார்களே என்று பயந்து, அதைப் பட்டும் படாமல் வரையச் சொன்னார்கள்! அத்தனை ஜாக்கிரதையும் வீண். நியூயார்க் பொது நூலகம் புத்தகத்தை வாங்கவில்லை. ஒரே செண்டிமென்ட்டாக இருக்கிறதாம்.

இத்தனைக்கும் மூர் 1941-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு, காகிதத்தில்தான்! பிறகும் கூட்டங்களுக்கு வந்துகொண்டே இருந்தார். அவருக்குப் பிறகு பதவிக்கு வந்தவர் கூட்டம் நடக்கும் இடத்தை மாற்றிப் பார்த்தாராம். எப்படியோ மோப்பம் பிடித்து அங்கேயும் வந்து உட்கார்ந்துவிடுவாராம் மூர். 1945-ல் இ.பி. வொய்ட்டின் 'ஸ்டூவர்ட் லிட்டில்' வந்தபோதும், மனிதக் குடும்பத்தில் எலி போல ஒரு பிள்ளையா என்று அதிர்ந்துபோய், வெளியிடவே வேண்டாம் என்று நீளமாகக் கடிதம் எழுதியவர் அவர். குழந்தைகளுக்கு எழுதுங்கள் என்று வருஷக்கணக்கில் வொய்ட்டை நச்சரித்ததும் அவரேதான்!

1952-ல் பிரான்ஸில் நீஸ் நகர மருத்துவமனை ஒன்றில் பிரவுனுக்கு ஆபரேஷன் நடந்தது. தேறிவிட்டார். 'பாருங்கள், எவ்வளவு தெம்பாக இருக்கிறேன்!' என்பதைப் போலக் குஷியாக ஒரு காலைத் தூக்கி உதைத்துக் காட்டினார். காலில் உறைந்திருந்த ரத்தக்கட்டி நகர்ந்தது. உயிர் போய்விட்டது. வயது 42. அடுத்த வருஷம் 'குட்நைட் மூன்' விற்றது சுமார் 1,500 பிரதிகள். அதோடு செத்திருக்கவேண்டிய புத்தகம்.

சாகவில்லை. எந்தப் பட்டியலும் சிபாரிசு செய்யாமலேயே, 'இதைப் படித்தால் எங்கள் வீட்டு வாண்டு தூங்குகிறது' என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்லிச் சொல்லியே பரவியது. 1970-ல் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 20,000 பிரதிகள். ஒரு வழியாக 1972-ல் நியூயார்க் பொது நூலகம் புத்தகத்தை வாங்கியது. மூர் அப்போது இல்லை, 1961-ல் காலமாகிவிட்டார்.

2020-ல் அந்த நூலகம் தன் 125-வது ஆண்டு விழாவை ஒட்டி, வாசகர்கள் அதிகமாக எடுத்துப்போன பத்துப் புத்தகங்களை அறிவித்தது. முதல் இடம், ஒரு கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடும் 'தி ஸ்னோயி டே'. 1962-ல் வந்த குழந்தைப் புத்தகம். 4,85,583 முறை வெளியே போயிருக்கிறது! 'குட்நைட் மூன்' பத்துக்குள் வரவில்லை. ஆனால் பட்டியலுக்குக் கீழே நூலகமே அதற்கு ஒரு தனிக் குறிப்பு போட்டது. எங்கள் நூலகர் ஒருவருக்குப் பிடிக்காததால் 25 வருஷம் இது இங்கே இல்லை, இருந்திருந்தால் பட்டியலில் வந்திருக்கும் என்று ஒப்புதல் வாக்குமூலம்!

எனக்கு என்னவோ மூர் மேல் கோபம் வரவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இன்று எந்த நூலகத்திலாவது ஒரு அம்மா அந்த முயல் குட்டிக் கதையைப் படிக்கிறாள் என்றால், கால் மடங்கி அவள் உட்கார்ந்திருக்கிற அந்தக் குட்டி நாற்காலி, மூர் போராடிக் கொண்டுவந்தது.