மேலைக் குழலும் நம் நாயனமும்

மாசி மகத்தன்று மலாக்கா நகரின் தங்கக் கொல்லர் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப்பெருமானின் இரதம் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தை நோக்கிப் புறப்படுவதை இம்மாநிலத் தமிழர் யாவரும் அறிவர். 1781ஆம் ஆண்டில் மலாக்கா செட்டிகள் எழுப்பிய ஆலயம் அது. காடேக், கெமுனிங், ஆசகான் முதலிய தோட்டங்களிலிருந்து பால்வெட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் லாரிகளில் வந்திறங்கிய காலம் ஒன்று இருந்தது. நாயனமும் தவிலும் முழங்கும். ஆனால் அம்முழக்கத்தை நாம் காதால் கேட்டோமே ஒழியக் கருத்தால் கேட்டதில்லை. “நாயனக்காரர் வந்துவிட்டாரா?” என்று வினவுவோம், “என்ன இராகம் வாசித்தார்?” என்று வினவியவர் மிகச் சிலரே. நானும் அவ்வாறு வளர்ந்தவன்தான்.

அதே ஒலியை இந்நாட்டில் கேட்டுத் திகைத்து நின்றார் அயலார் ஒருவர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1923இல் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த சார்லி மரியானோ என்னும் சாக்சபோன் கலைஞரே அவர். 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இந்நாட்டு வானொலி இசைக்குழுவினருக்குப் பயிற்சி அளிக்கக் கோலாலம்பூர் வந்தவர், பயிற்சி கொடுக்க வந்த இடத்தில் தாமே மாணவரானார். நாகசுரம் வாசித்த தமிழர் ஒருவரிடம் அக்கருவியைக் கற்கத் தொடங்கினார். பின்னர்த் தென்னிந்தியா சென்றும் பயின்றார்.

இவர் ஏதோ பொழுதுபோக்காக இதில் இறங்கியவர் என்று எண்ணிவிடக் கூடாது. 1963இல் சார்லஸ் மிங்கஸ் என்ற கறுப்பின மேதை உருவாக்கிய ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ என்ற இசைத்தட்டு, நவீன ஜாஸ் வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுவது. அதில் மரியானோவின் சாக்சபோன் அழுகிறது, அரற்றுகிறது. அதே தட்டில் குவென்டின் ஜாக்சன் என்பார் டிராம்போன் என்னும் பித்தளைக் குழலை மனிதக் குரலாகவே பேச வைக்கிறார். அந்த டிராம்போனைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

திருமண ஊர்வலங்களில் வரும் பேண்டு வாத்தியக் குழுவில் ஒருவர் நீண்ட குழலை முன்னும் பின்னும் இழுத்து வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவே டிராம்போன். அதில் துளைகள் இல்லை. ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய குழலை இழுத்து நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் சுரங்களைப் பெறுவர். இழுவைக்கு ஏழு நிலைகள் உண்டு. ஒவ்வொன்றும் அரைச்சுர இடைவெளி. ஆதலின் உதட்டை மாற்றாமலே, ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம் வரையுள்ள தொலைவை ஒரே இழைவாக இழுத்துக் காட்டலாம். மாணவர்களுக்குக் கமகம், ஜாரு என்பவற்றை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இதைவிடக் கண்கூடான கருவி வேறு கிடைப்பதரிது.

நியூ ஆர்லியன்சு நகரில் ஜாஸ் பிறந்த நாளில், வண்டிகளில் ஏறி வாசித்த கலைஞருள் டிராம்போன்காரர் வண்டியின் கடைக்கோடியில் அமர்வார். இழுவை பிறர்மேல் இடிக்கக் கூடாதல்லவா! கிட் ஓரி போன்றோர் அங்ஙனம் இழைத்தும் உறுமியும் வாசித்தனர். 1940களில் ஜே. ஜே. ஜான்சன் தோன்றி, இந்த இழைவையெல்லாம் துடைத்தெறிந்து, விரைவும் துல்லியமும் மிக்க நடையை வகுத்தார். அவர் வாசிப்பது இழுவைக் குழல்தானா என்று கேட்டோர் ஐயுறும் அளவுக்கு அது நேர்த்தியாயிருந்தது. 1960களில் எழுந்த புதுமைக் கலைஞரோ மீண்டும் பழைய உறுமலுக்கே திரும்பினர். ராஸ்வெல் ரட் இவர்களுள் முதன்மையானவர். புரட்சி என்று பெயர் பெற்றது பாதி மீட்சியே என்பது என் கருத்து.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பர்ட் மங்கெல்ஸ்டோர்ஃப் இன்னும் ஒரு படி சென்றார். பிராங்க்பர்ட் நகரில் 1928இல் பிறந்து, ஜாஸ் இசையை வெறுத்த இட்லர் ஆட்சியில் மறைவாக அவ்விசையைக் கேட்டு வளர்ந்தவர். ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே தொண்டையால் மற்றொரு சுரத்தைப் பாடுவார். இரு ஒலிகளும் மோதுங்கால் மூன்றாவதும் நான்காவதும் தாமே பிறக்கும். ஒற்றைக் குழலில் ஒரு குழுவே ஒலிப்பது போன்ற இவ்வித்தையை வளர்த்துத் தனியொருவராகவே கச்சேரி செய்தார். 1972இல் ‘டிராம்பேர்ட்ஸ்’ என்ற தனிக்குழல் இசைத்தட்டை அளித்தார்.

நமக்கு நெருக்கமான செய்தி வேறொன்று. 1964இல் ஜெர்மானியப் பண்பாட்டு நிறுவனமான கோத்தே கழகத்தின் ஆதரவில் மங்கெல்ஸ்டோர்ஃப் தம் ஐவர் குழுவோடு ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தார். அப்பயணத்தின் விளைவே ‘நவ் ஜாஸ் ராம்வோங்’ என்னும் இசைத்தட்டு. தாய்லாந்தின் வட்ட நடனம் அதற்குப் பெயர் தந்தது. ‘பதேர் பாஞ்சாலி’ திரைப்படத்திற்கு ரவிசங்கர் அமைத்த இசையிலிருந்து ஒரு கருவும் அதில் உண்டு. அவற்றோடு, மலாய் உலகெங்கும் குழந்தைகள் பாடும் ‘பூரோங் காக்கா’ பாட்டும்! நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாட்டன்றோ அது?

இக்கலைஞர்கள் கிழக்கை நோக்கியது ஏன்? பழைய ஜாஸ் கற்பனை, ஒத்திசைச் சுரக்கூட்டங்களின் வரிசையைப் பின்பற்றி ஓடுவது. 1950களின் இறுதியில் மைல்ஸ் டேவிஸ் முதலானோர் அவ்வரிசையைத் தளர்த்தி, ஒரே சுர அமைப்பில் நெடுநேரம் நின்று விரிக்கத் தலைப்பட்டனர். ஜான் கோல்ட்ரேன் 1961இல் ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஒரு படைப்பை வாசித்தார். ஒரே சுருதியில் நின்று ஒரு பண்ணை மணிக்கணக்கில் வளர்க்கும் ஆலாபனை மரபு அவர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. ஆயினும் ஜாசும் நம் மனோதருமமும் ஒன்றே என்று மேடைகளில் முழங்குவது பிழை. இராகத்திற்கு உள்ள இலக்கண வரம்பு அங்கே இல்லை. அவர்களது ஒத்திசை இங்கே இல்லை.

மரியானோ இதனை உணர்ந்தே கற்றார். நாகசுரத்தில் விரல்துளை ஏழு. கீழே மேலும் ஐந்து. சாக்சபோனில் உள்ளவை போன்ற சாவிகள் இல்லை. துளையைப் பாதி மூடியும், சீவாளியை உதட்டால் இறுக்கியும் நெகிழ்த்தியும், மூச்சைக் கூட்டியும் குறைத்துமே நுண்சுரங்களை எடுக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்த பின், பேரும் புகழும் பெற்ற ஒருவர் இளம்பிள்ளை போல் சீவாளி ஊதப் பழகுவது எளிதா? 1975இல் ஜெர்மானியரான எபர்கார்ட் வேபரின் ‘யெல்லோ பீல்ட்ஸ்’ இசைத்தட்டில் அவர் நாகசுரம் வாசித்தார். 1983இல் பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவினரோடு, ஆர். ஏ. ரமாமணியின் குரலுக்கு இணையாக ‘ஜோதி’ என்ற தட்டை அளித்தார். அதில் நாகசுரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாக்சபோனும் புல்லாங்குழலுமே வாசித்தார். 2009இல் ஜெர்மனியில் காலமானார்.

எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கண்டு மயங்கி, அதனைக் கமகத்திற்கு வளைய வைத்துக் கச்சேரி மேடையேற்றினார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபின், பல சிறு கோயில்களில் ஒலிபெருக்கியே நாயனக்காரராகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன், இம்மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த முதிய நாகசுரக்காரரிடம் மரியானோவின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினேன். வாசிப்பவர் இன்னார் என்று முதலில் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். இடையில் ஓரிடத்தில் முகம் சுளித்தார். மற்றோரிடத்தில் தலையை மெல்ல அசைத்தார். வெள்ளைக்காரர் என்று கூறியதும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “தம்பி, இவருக்குச் சீவாளி கட்டிக் கொடுத்தது யார்?”