மக்களின் மனுவும் மனச்சான்றின் அரணும்

எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகளைச் சந்திக்கிறோம். அவர்களின் தந்தை செலொபுகாது மகனின்றி இறந்தார். அதனால் குடும்பத்தின் உரிமைச் சொத்து கைநழுவும் நிலை ஏற்பட்டது. அவர்கள் சந்திப்புக் கூடாரத்தின் வாயிலில் மோசேயின் முன்னும் மக்கள் அனைவர் முன்னும் நின்று தங்கள் வழக்கை எடுத்துரைத்தனர். மோசே அதை ஆண்டவர் திருமுன் கொண்டு சென்றார். அவர்கள் கேட்பது முறையே என்று விடை கிடைத்தது. அந்த ஐவருக்கு மட்டுமன்றி, மகனில்லாத வீடுகள் அனைத்திற்கும் அதுவே சட்டமாயிற்று. வாயிலில் வந்து நிற்கும் எளியோரின் குரலிலிருந்தும் சட்டம் பிறக்கலாம் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

இவ்வெண்ணத்திற்கு அரசியலமைப்பிலேயே இடமளித்த நாடுகள் உள. சுவிட்சர்லாந்து அவற்றுள் ஒன்று. அதனை முன்மாதிரியாகக் கொண்டு அமெரிக்க மாநிலங்களில் ஏறத்தாழப் பாதி இவ்வுரிமையை ஏற்றன. அங்கே குடிமக்கள் சட்ட வரைவொன்றைத் தாங்களே எழுதி, குறித்த எண்ணிக்கையில் வாக்காளரின் கையொப்பங்களைத் திரட்டி மனுவாக அளித்தால், அது தேர்தலில் வாக்குச்சீட்டில் இடம்பெறும். மக்கள் ஏற்றால் சட்டமாகும். இதனை ‘மக்கள் முன்மொழிவு’ என அழைப்போம்.

இவ்வுரிமையை முதன்முதலில் தன் அரசியலமைப்பில் சேர்த்த அமெரிக்க மாநிலம் தென் டகோட்டா, ஆண்டு 1898. இதற்காக உழைத்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குரு என்பதை நம்மில் பலர் அறியோம். ஆபர்டீன் நகரில் பணியாற்றிய அருட்தந்தை ராபர்ட் ஹேர், தொழிலாளர் இயக்கத்திலும் முன்னணியில் நின்றவர். இரயில் நிறுவனங்களும் தானிய வணிகர்களும் சட்டமன்றங்களில் செல்வாக்குச் செலுத்திய காலம் அது. உழவரின் முறையீடு மன்றத்தில் ஏறாதபோது, சட்டம் இயற்றும் உரிமையையே மக்களிடம் தரவேண்டும் என அவர் வாதிட்டார்.

1902இல் ஓரிகன் மாநிலம் 5,668 வாக்குகளுக்கு எதிராக 62,024 வாக்குகளால் இவ்வுரிமையை ஏற்றது. அங்கே 1912இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது இம்முறையினால்தான். 1914இல் மரண தண்டனையை ஓரிகன் மக்கள் ஒழித்ததும் இம்முறையினால்தான். வேறுபாடு வெறும் 157 வாக்குகள். (1920இல் அத்தண்டனை மீண்டும் வந்தது.)

ஆனால் அதே வாயில் வழியாக அநீதியும் நுழைந்தது. 1922 நவம்பரில், 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள், சில விலக்குகள் நீங்கலாக, அரசுப் பள்ளிகளுக்கே செல்ல வேண்டும் என்னும் முன்மொழிவு ஓரிகனில் வாக்கெடுப்புக்கு வந்தது. கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் அதற்கு ஊக்கமுடன் துணைநின்றது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடச் செய்வதே அதன் உட்பொருள். 1,03,685 பேர் எதிர்த்தும் 1,15,506 பேர் ஆதரித்ததால் அது சட்டமாயிற்று. 1926 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வரவிருந்தது.

1859 முதல் ஓரிகனில் கல்விப்பணி ஆற்றிவந்த இயேசு மரியின் திருப்பெயர்கள் சபை அருட்சகோதரிகள் நீதிமன்றத்தை நாடினர். ஓர் இராணுவப் பயிற்சிப் பள்ளியும் தனியே வழக்குத் தொடுத்தது. 1925 ஜூன் முதல் நாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. பிள்ளை அரசின் உடைமையன்று. அதனை வளர்த்து வழிநடத்தும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1929இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி எழுதிய திருமடலில் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டினார்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். நீதிமன்றம் அநீதியான சட்டத்தை நீக்கியதே தவிர, மக்கள் சட்டம் முன்மொழியும் உரிமையை நீக்கவில்லை. பிழை முறையினுடையதும் அன்று. பள்ளிகளில் சிறுவர்க்கு ஆங்கிலமல்லாத மொழிகளைக் கற்பிப்பதைத் தடுத்த 1919ஆம் ஆண்டின் நெப்ராஸ்கா சட்டத்தை இயற்றியது மக்கள் முன்மொழிவன்று, சட்டமன்றம். அதனையும் 1923இல் அதே உச்ச நீதிமன்றம் நீக்கியது. பெரும்பான்மையின் பிழையைத் திருத்த அரசியலமைப்பு என்னும் அரண் தேவை. அது மன்றத்துக்கும் மக்களுக்கும் பொதுவானதாக இருத்தல் வேண்டும்.

இன்றும் இவ்வுரிமையைச் சுருக்கும் முயற்சிகள் ஓயவில்லை. கையொப்பம் திரட்டுவோர்க்கு ஊதியம் தருவதைக் குற்றமாக்கிய கொலராடோ சட்டத்தை 1988இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வரியை உயர்த்தும் அல்லது பெருஞ்செலவு கோரும் முன்மொழிவுகளுக்கு 60 விழுக்காடு வாக்கு வேண்டும் என்று தென் டகோட்டாவின் சட்டமன்றம் கேட்டது. 2022 ஜூனில் மக்கள் அதை மறுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் வறியோர்க்கான மருத்துவ உதவியை விரிவாக்கும் முன்மொழிவு அங்கே ஏறத்தாழ 56 விழுக்காட்டில் வென்றது.

ஒகையோவின் நிகழ்ச்சி நமக்குக் கடினமானது. அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு 60 விழுக்காடு கோரிய திட்டத்தை 2023 ஆகஸ்டில் அம்மக்கள் தள்ளினர். நவம்பரில் கருக்கலைப்பு உரிமையை அரசியலமைப்பில் சேர்த்தனர். கருவிலுள்ள உயிரின் புனிதத்தைப் போற்றும் நமக்கு இது ஆழ்ந்த துயரம். ஆயினும் துயரத்தின் பேரால் வாயிலைக் குறுக்கலாமா? 60 விழுக்காடு கேட்டிருந்தால், 1914இன் ஓரிகன் தூக்குமேடையை அகற்றியிருக்க இயலாது. வாக்கில் தோற்ற உண்மையை மக்களின் உள்ளத்தில் மீண்டும் விதைப்பதே நம் பணி. அது கடினமான பணியும்கூட.

நம் இந்திய அரசியலமைப்பில் மக்கள் முன்மொழிவு இல்லை. ஆனால் சிறுபான்மையினரின் பள்ளிகளைக் காக்கும் 30ஆம் உறுப்பு உண்டு. ஓரிகன் சகோதரிகள் வழக்காடிப் பெற்ற பாதுகாப்பின் நிழலை நாம் எழுத்துவடிவிலேயே பெற்றுள்ளோம். அந்நிழலில் இளைப்பாறும் நாம், பிறருடைய மனுக்களுக்குச் செவிகொடுக்கிறோமா? நம் பங்கின் வாயிலில், நம் பள்ளியின் வாயிலில், செலொபுகாதின் புதல்வியரைப்போல் யாரேனும் காத்து நிற்கிறார்களா என்று பார்ப்போம்.