கெய்ஷா காபி

கெய்ஷா, அராபிகா காபியின் அரிய பழைய ரகங்களுள் ஒன்று. தென்மேற்கு எத்தியோப்பியாவின் காபிக் காடுகளில் 1930களில் திரட்டிய விதைகளின் வழி வந்த இந்த ரகம், 2004இல் பனாமாவில் நடந்த சுவைப்புப் போட்டி ஒன்றில்தான் உலகின் கண்ணில் பட்டது. பெயர் கெஷா என்னும் எத்தியோப்பிய இடப்பெயரின் திரிபு. ஜப்பானிய நடன மங்கையருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மரம் நெடுநெடுவென வளரும். கணுக்களுக்கிடையே இடைவெளி அதிகம், விளைச்சல் குறைவு. கிளைகள் எளிதில் முறியும். கொட்டை ஒல்லியாக நீண்டிருக்கும். இளவறுப்பாக வறுத்து வடித்தால் தேநீரைப் போலக் கனமின்றி, மல்லிகை மணமும் நாரத்தை இனப் பழங்களை நினைவூட்டும் புளிப்பும் கொண்ட காபி கிடைக்கும். இந்தச் சுவையை மனத்தில் வைத்து இந்த ரகத்தை யாரும் பாதுகாக்கவில்லை என்பதே இதன் வரலாற்றில் முதன்மையாகக் கவனிக்க வேண்டிய செய்தி. வேறொரு தேவைக்காகச் சேர்த்து, அந்தத் தேவைக்கும் பெரிதாகப் பயன்படாமல் போன பிறகும் கைவிடப்படாததால்தான் கெய்ஷா இன்று இருக்கிறது.

அந்தத் தேவை இலைத்துரு நோயைச் சமாளிப்பது. 1869இல் இலங்கையில் பதிவான இந்தப் பூஞ்சை நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டுக் காபித் தோட்டங்களை அழித்தது. அங்கே காபி பறிக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களானதற்கு இதுவே முக்கியக் காரணம். துருவைத் தாங்கும் செடிகளைத் தேடுவது அதன்பின் காபி ஆய்வாளர்களின் முதல் வேலையாயிற்று. எத்தியோப்பிய விதைகள் கிழக்கு ஆப்பிரிக்காவின் பிரிட்டிஷ் ஆய்வு நிலையங்களுக்குப் போயின. தாங்கனிக்காவில், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து லியாமுங்கு நிலையத்தில் வளர்ந்த மரங்களின் விதை 1953இல் கோஸ்டா ரிக்காவின் துரியால்பா வேளாண் ஆய்வு மையத்தை அடைந்து, டி 2722 என்ற எண்ணில் பதிவானது. அமெரிக்கக் கண்டத்தை அப்போது துரு எட்டியிருக்கவில்லை. 1970இல்தான் அது பிரேசிலில் கண்டறியப்பட்டது. ஆக, துரியால்பாவில் நடந்தது வருமுன் காக்கும் ஏற்பாடு.

1960களில் துரியால்பாவிலிருந்து விதைகள் பனாமாவுக்குச் சென்றன. ஆனால் காற்றுக்கு முறியும் கிளை, குறைந்த காய்ப்பு ஆகிய இரண்டையும் கண்ட விவசாயிகள் கெய்ஷாவை விரும்பவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற மரங்களின் பழம் மற்ற ரகங்களோடு கலந்தே விற்பனைக்குப் போனது. தனிச்சுவை தெரிய வழியே இல்லை. போகேட்டே வட்டாரத்தில் எஸ்மரால்டா தோட்டத்தை நடத்தும் பீட்டர்சன் குடும்பத்தினர், தாங்கள் வாங்கிய ஹராமில்லோ நிலத்தில் சில மரங்கள் மட்டும் 'சேவற்கண்' என்னும் இலைநோய்க்குத் தப்பியதைக் கண்டு, அவற்றை இன்னும் உயரமான சரிவுகளில் நட்டனர். பிறகு நிலத்தின் ஒவ்வொரு பகுதியின் விளைச்சலையும் தனித்தனியே வடித்துச் சுவைத்தபோது ஒரு கோப்பை மட்டும் தனித்து நின்றது. அது கெய்ஷா. 2004ஆம் ஆண்டுப் போட்டியில் முதலிடம் பெற்று ஏலத்துக்கு வந்த அந்தக் காபி பவுண்டுக்கு 21 டாலருக்குப் போனது. சாதாரணக் காபிக்கு அப்போது சந்தையில் ஒரு டாலர்கூட இல்லை. 2019இல் பனாமாவின் மற்றொரு தோட்டத்துக் கெய்ஷா பவுண்டுக்கு 1,029 டாலரைத் தொட்டது. பிற மத்திய அமெரிக்க நாடுகளும் கொலம்பியாவும் இதை நடத் தொடங்கின.

சிறப்பு விதைக்கு உரியதா, போகேட்டேயின் உயரத்துக்கும் குளிருக்கும் உரியதா என்ற கேள்வி நியாயமானது. தாழ்வான நிலத்தில் கெய்ஷா சாதாரணக் காபியாகவே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே சரிவில், அதே மழையில், அதே கைகள் பறித்த மற்ற ரகங்களில் இந்த மணம் இல்லை. மலை விதையின் குணத்தை வெளிக்கொணர்கிறது. விதையில் இல்லாததை மலையால் கொடுக்க முடியாது. இவை எல்லாம் ஏலக்காரர்கள் கிளப்பிய மோகம் என்போரும் உண்டு. ஆயிரம் டாலர் விலையைப் பற்றி அப்படிச் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் போட்டி நடுவர்கள் தோட்டத்தின் பெயரோ ரகத்தின் பெயரோ அறியாமல் சுவைப்பவர்கள். முதல் வெற்றி வந்தபோது கெய்ஷா என்ற பெயருக்குச் சந்தையில் மதிப்பே இல்லை. மோகம் பின்னால் வந்தது.

பெயர் பற்றிய ஐயம் இவற்றைவிட வலுவானது. மரபணுவால் வேறுபட்ட பல செடிகள் இன்று கெய்ஷா என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. எனவே பெயரைக் கொண்டு மட்டும் ரகத்தை நம்ப முடியாது. பதிவேடு உதவுவது இங்கேதான். அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. தாயின் குணம் விதைவழி அதிகம் மாறாமல் இறங்கும். டி 2722 வழிவந்த பனாமா மரங்கள் தமக்குள் ஒத்தவை, மற்றவற்றிலிருந்து வேறானவை என்று மரபணு ஆய்வும் உறுதிசெய்திருக்கிறது. இது எத்தியோப்பியாவின் உரிமையைக் குறைத்துவிடாது. துரியால்பா காத்தது ஒரு கைப்பிடி விதையின் சந்ததியை. அந்த விதையைத் தந்த பன்மை இன்றும் எத்தியோப்பியக் காடுகளில்தான் இருக்கிறது. அந்தக் காடு அழிந்தால் எந்தப் பதிவேட்டாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

நெல்லைப் போலக் காபி விதையை உலர்த்திக் குளிரறையில் நெடுங்காலம் வைக்க இயலாது; முளைப்புத்திறன் போய்விடும். மரமாக நட்டு, களையெடுத்து, கவாத்து செய்து, மூப்படைந்தால் மறுபடி நட்டுத்தான் ஒரு ரகத்தைக் காக்க வேண்டும். 1953க்கும் 2004க்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில், சந்தை கேட்காத ஒரு ரகத்துக்காகத் துரியால்பாவில் அந்த வேலை நடந்தது. கெய்ஷாவின் புகழில் போகேட்டேயின் நுண்ணிய நாவுக்குப் பங்குண்டு. ஆனால் அந்த நாவுக்குச் சுவைக்க ஏதேனும் மிஞ்சியிருந்தது, பயன் தெரியாமலேயே செய்த இந்தப் பராமரிப்பால்தான்.