பாய்க்கப்பலில் ஒரு பள்ளி



நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் ஆசிரியர் தேசப்படத்தில் ஆறுகளை நீல வண்ணத்தால் வரையச் செய்வார். எந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது, எந்தக் கடலில் கலக்கிறது என்பவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். தேர்வில் நல்ல மதிப்பெண்களும் பெற்றோம். ஆயின், ஆற்று நீரைக் கையில் அள்ளி, அதில் எவை வாழ்கின்றன, என்ன கலந்திருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை, சொல்வாரும் இல்லை. பின்னாளில் வரலாற்றைப் பயின்றும் பயிற்றியும் வந்த காலத்தில், அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. பிள்ளைகளை ஆற்றிற்கு அழைத்துச் செல்வதால் என்ன பயன் என்னும் வினாவுக்கு அந்த ஆற்றின் வரலாறு ஒரு விடை தருகிறது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஹட்சன் ஆறு நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிரோண்டாக் மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 315 மைல் ஓடி, நியூயார்க் நகரத்தருகே கடலை அடைகிறது. கடலிலிருந்து டிராய் என்னும் ஊர் வரை, ஏறத்தாழ 150 மைல் தொலைவுக்கு, ஓதம் ஏறும்போது ஆறு வடக்கு நோக்கியும், ஓதம் வற்றும்போது தெற்கு நோக்கியும் செல்லும். அந்நிலத்தின் தொல்குடி மக்கள் 'இருபுறமும் ஓடும் ஆறு' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தனர் என்பர். 1609ஆம் ஆண்டில் ஹென்றி ஹட்சன் என்னும் ஆங்கில மாலுமி, டச்சுக்காரர்களுக்காகக் கப்பலைச் செலுத்தி இவ்வாற்றில் புகுந்தார். அவர் பெயரே ஆற்றின் பெயராக நிலைத்துவிட்டது.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஒற்றைப் பாய்மரக் கப்பல்கள் இவ்வாற்றில் மிகுதியாக ஓடின. தானியமும் செங்கல்லும் மனிதரும் அவற்றில்தான் சென்றனர். 1807இல் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிக் கப்பல் இவ்வாற்றில் ஓடிக் காட்டியது. 1851இல் கரையோர ரயில் பாதை நியூயார்க்கையும் ஆல்பனியையும் இணைத்தது. பாய்க்கப்பல்கள் படிப்படியாக மறைந்தன. வழியாக இருந்த ஆறு, வீட்டின் கொல்லைப்புறமாயிற்று. கொல்லைப்புறத்திற்கு என்ன நேருமோ அதுவே ஆற்றுக்கும் நேர்ந்தது. ஊர்களின் சாக்கடைகளும், ஆலைகளின் எண்ணெயும் சாயமும் அமிலமும் அதில் விழுந்தன.

இங்கே வரலாற்று மாணவன் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆற்றில் கழிவைக் கொட்டலாகாது என்று சட்டம் இல்லாமலில்லை. கப்பல் செல்லக்கூடிய நீர்நிலைகளில் அனுமதியின்றிக் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கப் பேராயம் 1899ஆம் ஆண்டிலேயே இயற்றியிருந்தது. குற்றத்தைக் காட்டிக்கொடுப்பவருக்குத் தண்டத் தொகையில் பாதி வரை அளிக்கவும் அதில் இடமிருந்தது. எனினும் அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கிற்று. ஏன்? சட்டத்திற்குக் கண் இல்லை. மக்களுடைய கண்களே அதன் கண்கள். ஆற்றுக்கு முதுகைக் காட்டி வாழ்ந்த மக்கள் எதனைக் காண்பார்கள்? எதனை எடுத்துரைப்பார்கள்?

1960களில் அந்த முதுகுகள் மெல்லத் திரும்பின. 1962இல், ஆற்றோரத்து ஸ்டார்ம் கிங் மலையில் பெரிய மின் நிலையம் ஒன்றை அமைக்கத் திட்டம் வெளியாயிற்று. அதனை எதிர்த்து ஊரார் வழக்குத் தொடுத்தனர். நிலத்திற்கு உரிமையாளர் அல்லாதவரும் இயற்கை அழகைக் காக்க வழக்காடலாம் என்னும் வழியை 1965ஆம் ஆண்டுத் தீர்ப்பு திறந்துவிட்டது. அதே ஆண்டில், கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களுக்காக நூறு கோடி டாலர் கடன் திரட்ட நியூயார்க் மாநில வாக்காளர் இசைவளித்தனர். 1966இல் ஆற்று மீனவர்கள் ஒரு சங்கம் கண்டு, உறங்கிக் கிடந்த 1899ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தட்டி எழுப்பினர்.

அதே 1966இல்தான் நமது கதைக்குரிய முயற்சியும் தோன்றியது. ஆற்றங்கரை ஊராகிய பீக்கனுக்கு அருகே வாழ்ந்த நாட்டுப்பாடகர் பீட் சீகர், மறைந்துபோன பாய்க்கப்பல்களைப் பற்றி 1908இல் வெளிவந்த பழைய நூல் ஒன்றைப் படித்தார். அத்தகைய கப்பல் ஒன்றை மீண்டும் கட்டி ஆற்றில் விட்டால் என்ன என்னும் எண்ணம் அவருக்கும் நண்பர்களுக்கும் பிறந்தது. ஆறு நாறிக்கொண்டிருக்கும்போது கப்பல் ஒரு கேடா என்று சிலர் கேட்டிருக்கலாம். சீகரை ஐயுற்றவர்களும் பலர். 1955இல் பேராயக் குழுவொன்று அவருடைய அரசியல் தொடர்புகளை விசாரித்தபோது அவர் விடையளிக்க மறுத்தார், 1961இல் தண்டிக்கப்பட்டார், 1962இல் மேல்முறையீட்டில் அத்தண்டனை நீக்கப்பட்டது. இத்தகையவர் கூட்டம் கூட்டி அழைத்தால் கரையோர ஊரார் அனைவரும் வந்துவிடுவார்களா? ஆயினும், அழகிய கப்பல் ஒன்று துறையில் வந்து நின்றால் எவர்தாம் பார்க்க வரமாட்டார்? அதன் நுட்பம் இதுவே. ஆற்றைப் பார்க்க வராதவரைக் கப்பல் ஆற்றங்கரைக்கு வரவழைத்தது.

இசை நிகழ்ச்சிகள் நடத்தியும் நன்கொடை பெற்றும் பணம் சேர்த்தனர். மெய்ன் மாநிலத்தில் 106 அடி நீளமுள்ள மரக்கப்பல் உருவாயிற்று. 1969ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் அது நீரில் இறங்கியது. 'கிளியர்வாட்டர்' என்று அதற்குப் பெயரிட்டனர். தெளிந்த நீர் என்பது பொருள். அந்நாளில் ஹட்சனில் இல்லாத ஒன்றைத் தன் பெயராகத் தாங்கிக்கொண்டு அக்கப்பல் ஹட்சனுக்கு வந்தது.

அதன் பின்னர் அது பள்ளியாயிற்று. அப்பள்ளியில் மேசையும் கரும்பலகையும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சுமார் 50 பேர் ஏறுவார்கள். மூன்று மணி நேரம் ஆற்றில் செல்வார்கள். முதற் பாடம் பாய் ஏற்றுதல். பெரும்பாயும் அதனைத் தாங்கும் மரமும் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை உள்ளவை. எந்தப் பிள்ளையும் தனியே அதனை அசைக்க இயலாது. இரு வரிசையாக நின்று, பாட்டுக்கு இசைய அனைவரும் கயிற்றை இழுத்தால் பாய் மேலே ஏறும். பலர் கூடினால்தான் ஆகும் காரியம் உலகில் உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் கற்பிக்க இயலாது.

அடுத்து வலை வீசுவார்கள். அகப்பட்ட மீன்களைத் தொட்டியில் இட்டுப் பெயர் அறிவார்கள். நீரில் கரைந்துள்ள உயிர்வாயுவின் அளவையும் உப்பின் அளவையும் ஆய்வார்கள். ஒரு துளி நீரை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைக் காண்பார்கள். முறைவைத்துச் சுக்கானையும் பிடிப்பார்கள். கப்பல் தலைவரும் சில மாலுமிகளும் ஊதியம் பெறுவோர். ஏனையோர் ஒரு வாரம், இரு வாரம் எனத் தம் ஓய்வு நாள்களைத் தந்து, கப்பலிலேயே தங்கி, தளத்தைக் கழுவியும் பாடம் சொல்லியும் பணிபுரிந்த தொண்டர்கள். முதல் நாள் கற்றதை மறுநாள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்களும் அவர்களுள் உண்டு.

1972ஆம் ஆண்டு அக்டோபரில், குடியரசுத் தலைவர் நிக்சனின் மறுப்பையும் மீறி, அமெரிக்கப் பேராயம் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. இச்சட்டத்தைக் கப்பல்தான் கொணர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது வரலாறு ஆகாது. நாடெங்கும் பல ஆறுகளின் அவலமும் பல்லாயிரவர் உழைப்பும் அதற்குப் பின்னே இருந்தன. சட்டம் வந்தவுடன் ஆறு தூய்மையாகிவிடவும் இல்லை. மன்ஹாட்டனின் மேற்குப் பகுதிச் சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் நிலையம் 1986இல்தான் இயங்கத் தொடங்கியது. ஒரு சட்டம் காகிதத்திலிருந்து ஆற்றங்கரைக்கு வந்து சேரப் பதினான்கு ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் கேட்டுக்கொண்டே இருக்கும் மக்கள் வேண்டுமல்லவா? கப்பலில் ஏறி இறங்கிய பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் அத்தகைய மக்களாயினர்.

இனி, இக்கதையின் கடினமான பகுதிக்கு வருகிறேன். ஹட்சனின் மேற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இரு ஆலைகள், 1947 முதல் 1977 வரை, பி.சி.பி. எனப்படும் நச்சு வேதிப்பொருளை ஆற்றில் கலக்கவிட்டன. அதன் அளவு 13 இலட்சம் பவுண்டு வரை இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. அந்நஞ்சு நீரில் எளிதில் கரைவதில்லை. வண்டலில் தங்கி, சிற்றுயிர்களின் வழியே மீனின் கொழுப்பில் சேர்கிறது. 1976இல் வாணிகத்துக்காக மீன் பிடித்தல் ஹட்சனின் பெரும்பகுதியில் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வலை வீசிய குடும்பங்கள் வலையைச் சுருட்டி வைத்தன. 2009 முதல் 2015 வரை, அந்நிறுவனத்தின் செலவில், ஆற்றின் அடிச்சேறு தூர்வாரப்பட்டது. அதன் பின்னரும் அம்மீனை உண்பது பற்றிய எச்சரிக்கை நீங்கவில்லை.

கப்பலில் நின்ற பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வலையில் வந்த மீன் துள்ளுகிறது, பளபளக்கிறது. இதை உண்ணலாமா என்று பிள்ளை கேட்கிறது. கற்பிப்பவர் என்ன விடை சொல்வது? ஆறு அழகானது என்று மட்டும் சொன்னால் அது பொய். ஆறு செத்துவிட்டது என்று சொன்னால் துள்ளும் மீனே அதனை மறுக்கும். உயிரோடிருக்கிறது, ஆயினும் நஞ்சுண்டிருக்கிறது. இந்நஞ்சை இட்டவரும் மனிதரே, எடுக்க வேண்டியவரும் மனிதரே என்னும் முழு உண்மையைச் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வாக்கியம். கையில் மீனை ஏந்தி நிற்கும் பிள்ளைக்கோ இது வாழ்நாள் முழுதும் மறவாத செய்தி.

இம்முறை கப்பலோடு நின்றுவிடவில்லை. 2003ஆம் ஆண்டு முதல், ஆண்டில் ஒரு நாள், ஹட்சன் நெடுகிலும் பல துறைகளில் பள்ளி மாணவர்கள் நின்று, உப்பையும் ஓதத்தையும் மீனையும் ஒரே நாளில் அளந்து குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அக்குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், கடலின் உப்பு ஆற்றில் எவ்வளவு தொலைவு ஏறியிருக்கிறது என்பது விளங்கும். 2008இல் விலாங்குக் கணக்கெடுப்பும் தொடங்கியது. சர்காசோ கடலில் பிறந்து, கண்ணாடிபோல் உடல் தெரியும் விலாங்குக் குஞ்சுகள், வசந்த காலத்தில் ஹட்சனின் ஓடைகளுக்கு வருகின்றன. மாணவர்களும் தொண்டர்களும் குளிர்ந்த நீரில் இறங்கி, வலையில் விழுந்த அவற்றை எண்ணி, எடைபோட்டு, அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டனர். பெருங்கடலைத் தனியே நீந்தி வந்த உயிரால் சில அடி உயரமுள்ள ஓர் அணையைக் கடக்க இயலவில்லை. ஒரு சிறுமியின் கையிலுள்ள வாளி அதனைக் கடத்திவிட்டது.

பீட் சீகர் 2014ஆம் ஆண்டு, தமது 94ஆம் வயதில் மறைந்தார். அவர் காலத்திலேயே நியூயார்க்கை ஒட்டிய ஹட்சனில் மக்கள் மீண்டும் நீந்தினர். மீனை அச்சமின்றி உண்ணும் நாளை மட்டும் அவர் காணவில்லை. வென்றது பாதி, எஞ்சியது பாதி என்பதே நேர்மையான கணக்கு.

மாணவர்களே, 1899ஆம் ஆண்டின் சட்டம் உறங்கியதையும், 1972ஆம் ஆண்டின் சட்டம் மெல்ல மெல்லவேனும் நடந்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையே நிகழ்ந்த மாறுதல்களுள் ஒன்று, மக்கள் ஆற்றைக் கண்டார்கள் என்பது. நான் இன்றும் தேசப்படத்தில் ஆறு வரைவதுண்டு. ஆனால் அந்த நீலக்கோடு இப்போது என்னை ஒரு கேள்வி கேட்கிறது: "உண்மையில் என் நிறம் என்ன என்று நீ வந்து பார்த்தாயா?" உங்கள் ஊர் ஆறும் அதனையே உங்களிடம் கேட்கக்கூடும். விடையை நூலகத்தில் தேடாதீர்கள். ஒரு நாள் காலையில் கரைக்குச் சென்று பார்த்து வாருங்கள்.