ஜாஸ் காதல் மெட்டுகளைப் பியானோவில் கற்ற வரலாறு

ஜாஸ் ஸ்டாண்டர்ட் என்பது ஜாஸ் கலைஞர் எவரும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் பொதுப் பாடல்களில் ஒன்று. இவற்றில் கணிசமானவை 1920 முதல் 1950 வரை பிராட்வே இசை நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்ட காதல் பாடல்கள். நாடகம் தோற்றுப் பாடல் மட்டும் நிலைத்ததும் உண்டு. ஜெரோம் கெர்ன் இசையமைத்த 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' இடம்பெற்ற 'வெரி வார்ம் ஃபார் மே' 1939-இல் 59 காட்சிகளுடன் நின்றுபோனது. நாடகத்தின் கதை இன்று யாருக்கும் நினைவில்லை. பாடலை ஜாஸ் மாணவர்கள் இன்றும் கற்கிறார்கள்.

இம்மெட்டுகளைப் பியானோவில் கற்பவர்களில் பலருக்கு இன்று இணையமே பள்ளிக்கூடம். ஆனால் அருகில் ஆசிரியர் இல்லாமலேயே இவ்வகை இசையைக் கற்றுவிடலாம் என்ற வாக்குறுதி இணையத்தைவிட நூறாண்டு மூத்தது. துளையிட்ட காகிதச் சுருள், அஞ்சல் பாடம், கள்ளப் பதிப்புப் புத்தகம், இசைத்தட்டு, காணொளி என ஒவ்வொன்றும் அந்த வாக்குறுதியை வேறுவிதமாக அளித்தது.

தாளில் இல்லாதது

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் பொழுதுபோக்குக் கருவி பியானோ. 1909-இல் மட்டும் அந்நாட்டில் 3.5 லட்சத்துக்கும் அதிகமான பியானோக்கள் செய்யப்பட்டன. பாடல்கள் அச்சிட்ட இசைத்தாளாக விற்றன. நியூயார்க்கில் மேற்கு 28-ஆம் தெருவில் நெருக்கியடித்திருந்த பதிப்பகங்களை 'டின் பான் ஆலி' என்று அழைத்தனர். கடைக்கு வருபவர்களிடம் புதுப் பாடலை வாசித்துக் காட்டி விற்க ஆட்கள் இருந்தனர். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1914-இல், 15 வயதில், ரெமிக் பதிப்பகத்தில் வாரம் 15 டாலருக்கு இந்த வேலையில்தான் சேர்ந்தார்.

அந்தத் தாளில் இருப்பதை அப்படியே வாசித்தால் பாட்டு கேட்கும், ஜாஸ் கேட்காது. மெட்டுக்கு அடியில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டைக் கார்ட் என்பர். ஒரு கார்டின் சுரங்களில் எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது, எந்தக் கையில் எவ்வளவு இடைவெளியில் வைப்பது, மெட்டைத் தாளத்துக்கு எவ்வளவு பின்தங்க விடுவது ஆகியவற்றில்தான் காதல் மெட்டின் குழைவு இருக்கிறது. கர்நாடக இசையில் சுரக்குறிப்புக்கும் கமகத்துக்கும் உள்ள தூரம் போன்றது இது.

இதற்கு எளிய உதாரணம் ஸ்டாண்டர்டுகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கார்ட் தொடர்: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. புதிய மாணவர் மூன்றுக்கும் கையைத் தூக்கித் தூக்கி வைப்பார். தேர்ந்தவர் ஒவ்வொரு கார்டிலும் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் பிடிப்பார். முதல் கார்டில் அவை எஃப், சி. இரண்டாவதில் எஃப் அசையாமல் நிற்க, சி அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. மூன்றாவதில் பி நிற்க, எஃப் அரைச்சுரம் இறங்கி ஈ ஆகிறது. விரல்கள் அநேகமாக நகரவே இல்லை. கேட்பவருக்கோ ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இருக்கும். 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' பாடலின் பெரும்பகுதி இவ்வகை இறக்கங்களால் ஆனது. எந்தக் கடைத்தாளும் இதை விளக்கவில்லை.

இருபது பாடங்களில் ராக்டைம்

ஆக்சல் கிறிஸ்டென்சன் 1903-இல் சிகாகோவில் ஒரு பள்ளி தொடங்கி, ஜாஸுக்கு முன்னோடியான ராக்டைம் இசையை 20 பாடங்களில் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்தார். பாடநூலை அச்சிட்டு விற்றார்; பல நகரங்களில் கிளைகள் திறந்தார். அவர் செய்தது சுருக்குவழி. இடக்கைக்குச் சில வடிவங்கள், வலக்கைக்குச் சில தாள அமைப்புகள். தெரிந்த எந்தப் பாட்டையும் அவற்றில் பொருத்திக்கொள்ளலாம். பிறகு வந்த எல்லா விரைவுப் பாடத்திட்டங்களின் வியாபாரச் சூத்திரமும் இதுவே.

1920-களில் நியூயார்க்கின் யு.எஸ். ஸ்கூல் ஆஃப் மியூசிக் அஞ்சல்வழியில் இசை கற்பித்தது. அந்நிறுவனத்துக்காக ஜான் கேப்பிள்ஸ் எழுதிய விளம்பரம் விளம்பரத்துறை மாணவர்கள் இன்றும் படிப்பது. நண்பர்கள் கேலியாகச் சிரிக்க ஒருவன் பியானோ முன் அமர்கிறான், வாசிக்கத் தொடங்கியதும் அனைவரும் வாயடைத்துப் போகிறார்கள். வீட்டில் தனியே கற்றுக்கொண்டு ஒருநாள் விருந்தில் எல்லோரையும் அசத்துவது என்ற அந்தக் கனவைத்தான் இன்றைய இணையப் பாட விளம்பரங்களும் விற்கின்றன. அஞ்சல் பாடத்தின் குறை வெளிப்படையானது, அதில் ஓசையே இல்லை.

தானே அமுங்கும் கட்டைகள்

ஓசையைத் தந்தது பியானோச் சுருள். துளையிட்ட காகிதம் ஓட ஓட, காற்றழுத்தத்தால் பியானோ தானாக வாசிக்கும், கட்டைகளும் கண்முன்னே அமுங்கும். ஹார்லெம் பாணியின் தலைமகன் ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷௌட்' 1921-இல் க்யூ.ஆர்.எஸ். நிறுவனச் சுருளாக வெளிவந்தது. வாஷிங்டனில் இருந்த இளைஞர் டியூக் எலிங்டன் சுருளின் வேகத்தைக் குறைத்து, அமுங்கும் கட்டைகளின் மேல் தன் விரல்களை வைத்தே அதைக் கற்றார். பின்னர் ஜான்சன் அந்த ஊருக்கு வந்தபோது அவர் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டினார். ஃபேட்ஸ் வாலரும் சுருளிலிருந்து கற்றவரே.

சுருளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் வேகத்தைக் குறைத்தாலும் சுருதி மாறாது, ஏனெனில் ஒலிப்பது வீட்டிலுள்ள பியானோவின் கம்பிதான். இசைத்தட்டில் அப்படியல்ல. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் பாட்டு ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். 1950-களிலும் 60-களிலும் ஜாஸ் கற்றவர்கள் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, தட்டைத் தேய்த்து, அந்த ஆழ்ந்த முனகலிலிருந்து சுரங்களைப் பிரித்தெடுத்தார்கள். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் வசதி கணினி மென்பொருள்கள் வந்த பிறகே மாணவர் கைக்குத் திரும்பியது.

காதால் மட்டுமே கற்று உச்சம் தொட்டவர்களும் இருந்தனர். பிட்ஸ்பர்க்கின் எரோல் கார்னருக்குக் கடைசிவரை இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அந்தக் காரணத்தால் ஊர் இசைக்கலைஞர் சங்கம் 1956 வரை அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1954-இல், விமானப் பயணம் ஒன்றில் மனதில் உருவான 'மிஸ்டி' மெட்டை அவர் பதிவு செய்திருந்தார். எழுதத் தெரியாதவரின் அந்த மெட்டு பின்னாளில் பாடநூல்களில் அச்சாகி, காதல் பாலட் கற்போரின் முதல் பாடல்களில் ஒன்றானது.

ஃபேக் புக்

1942-இல் ஜார்ஜ் குட்வின் வானொலி நிலையங்களுக்காக 'ட்யூன்-டெக்ஸ்' என்ற அட்டைகளை வெளியிட்டார். உள்ளங்கை அளவு அட்டையின் ஒருபுறம் மெட்டும் வரிகளும் கார்ட் பெயர்களும், மறுபுறம் பதிப்புரிமை விவரம். உரிமையாளருக்குப் பணம் சேரவேண்டும் என்பதற்காகச் செய்த அட்டை அது. சில ஆண்டுகளில் யாரோ அவற்றைப் படியெடுத்துத் தொகுத்துத் திருட்டுப் புத்தகமாக விற்கத் தொடங்கினர். மெட்டும் கார்ட் பெயரும் மட்டுமே இருக்கும், மீதியை வாசிப்பவர் சமாளித்துக்கொள்ள வேண்டும். அதனால் ஃபேக் புக் என்று பெயர். எஃப்.பி.ஐ. விசாரணை நடந்தது, விற்பனை நிற்கவில்லை. இரவு விடுதியில் வாடிக்கையாளர் கேட்கும் எந்தப் பாட்டையும் வாசித்தாக வேண்டிய பியானோக்காரருக்கு அது தொழிற்கருவி.

இவற்றில் புகழ்பெற்றது 'தி ரியல் புக்'. 1970-களின் நடுவில் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் இருவர், பெயர் வெளியிடாமல், அழகிய கையெழுத்தில் தயாரித்த தொகுப்பு அது. 2004-இல் ஹால் லெனார்ட் நிறுவனம் உரிமம் பெற்று வெளியிடும்வரை, உலகெங்கும் விற்ற அதன் கள்ளப் பதிப்புகளால் பாடலாசிரியர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அதில் இருந்த பிழையான கார்டுகளையே ஒரு தலைமுறை மனப்பாடம் செய்தது. பழைய கலைஞர்களுடன் மேடையேறிய இளைஞர்கள் புத்தகத்தில் உள்ளபடி வாசித்துத் திகைத்து நின்றதுண்டு. ஆனாலும் இந்த எலும்புக்கூட்டு வடிவமே கற்பித்தலுக்கு ஏற்றதாக அமைந்தது. மாணவர் எதை நிரப்ப வேண்டும் என்பதை அது காலியிடமாகக் காட்டியது.

நிரப்பும் முறை நூல்களாக வந்தது 1950-களின் இறுதியிலிருந்து. ஜூலியார்டில் கற்பித்த ஜான் மெஹிகன் 1959 முதல் நான்கு பாகங்களில் ஜாஸ் மனோதர்மத்தை எண்முறையில் விளக்கினார். அதே காலத்தில் பில் எவான்ஸ் இடக்கையில் கார்டின் ஆதார சுரத்தை பேஸ் வாத்தியக்காரருக்கு விட்டுவிட்டு, உள்சுரங்களை மட்டும் நெருக்கமாக வைத்து வாசித்தார். அந்தப் பாணி பாடநூல் இலக்கணமாகியது. 1966-இல் வெளிவந்த ஒரு படத்தில் எவான்ஸ் தன் அண்ணன் ஹாரியுடன் பேசியபடி 'ஸ்டார் ஐஸ்' மெட்டைப் படிப்படியாக எளிமையிலிருந்து வளர்த்துக் காட்டுகிறார். புரியாத சிக்கலை மங்கலாகப் பாவனை செய்வதைவிட, எளிமையானதை உண்மையாக வாசிப்பது மேல் என்பது அவர் வாதம். முப்பது நாளில் பில் எவான்ஸ்போல் வாசிக்கலாம் என்று ஆசைகாட்டுவோர் கேட்க வேண்டியது அது.

1967-இல் ஜேமி ஏபர்சோல்ட் உடன்வாசிப்பு இசைத்தட்டுகளைத் தொடங்கினார். ஒரு ஒலிபெருக்கியில் பியானோவும் டிரம்ஸும், மற்றொன்றில் பேஸும் டிரம்ஸும் வரும். பியானோ மாணவர் ஒரு பக்கத்தை நிறுத்திவிட்டால், ஒரு குழு அவருக்காகக் காத்திருப்பதுபோல் ஆகிவிடும். தட்டு அவருக்காகத் தாமதிக்காது என்பது மட்டுமே வேறுபாடு.

திரையில் விரல்கள்

2002-இல் பெர்க்லி கல்லூரி இணையவழிப் பாடங்களைத் தொடங்கியது. 2005-இல் யூடியூப் வந்தது. அங்கே பியானோ ஆசிரியர்கள் கண்ட உத்தி, கேமராவைக் கட்டைகளுக்கு நேர் மேலே தொங்கவிடுவது. எந்தக் கச்சேரி இருக்கையிலிருந்தும், ஆசிரியரின் பக்கத்து நாற்காலியிலிருந்தும்கூட, இரு கைகளும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழ, அவை தொடும் கட்டையை அழுத்தச் சொல்லும் சிந்தீசியா போன்ற மென்பொருள்களும் பரவின. எலிங்டனின் சுருள் மறுபிறவி எடுத்தது என்றே சொல்லலாம். இசை மென்பொருள்களில் இவ்வகைக் காட்சிக்குப் பெயரே 'பியானோ ரோல்'. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எலிங்டன் சுருளிலிருந்து ஒரு பாணியைக் கற்று நூற்றுக்கணக்கான சொந்த மெட்டுகளுக்குப் போனார். விழும் பட்டைகளை மட்டும் பின்தொடர்ந்தவருக்கு 'மை ஃபன்னி வாலன்டைன்' ஒரு சுரம் பிசகாமல் வரும். அதையே பாடகரின் வசதிக்கு வேறு சுருதியில் வாசிக்கச் சொன்னால் கை நின்றுவிடும்.

பதிப்புரிமை இங்கும் கற்பித்தலின் வடிவத்தைத் தீர்மானித்தது. ஐரியல் ப்ரோ என்ற செயலி ஆயிரக்கணக்கான பாடல்களுக்குக் கார்ட் வரிசையை மட்டும் தருகிறது, மெட்டைத் தருவதில்லை. கார்ட் வரிசைக்குப் பொதுவாக உரிமை கோர முடியாது, மெட்டுக்கு முடியும். ஆக இன்றைய மாணவர் மெட்டைப் பதிவுகளைக் கேட்டே பிடிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் தெரியாமல் செய்த நன்மை இது. அமெரிக்காவில் அக்காலப் பாடல்களுக்கு உரிமை 95 ஆண்டுகள். 1930-இல் வெளியான கெர்ஷ்வினின் 'எம்ப்ரேசபிள் யூ' 2026 ஜனவரி 1-இல் பொதுவுடைமை ஆனது. 1937-இன் 'மை ஃபன்னி வாலன்டைன்' 2033 வரை காத்திருக்க வேண்டும்.

பாரி ஹாரிஸின் வகுப்பு

சுருளும் தட்டும் காணொளியும் செய்ய முடியாதது ஒன்று. அவை மாணவர் வாசிப்பதைக் கேட்பதில்லை. டெட்ராய்ட்டில் பிறந்த பியானோக் கலைஞர் பாரி ஹாரிஸ் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கேட்டலுக்கே கொடுத்தார். 1982 முதல் 1987 வரை நியூயார்க்கில் ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர் என்ற இடத்தை நடத்தினார். அது மூடிய பின்னும் வாராந்திர வகுப்புகளைத் தொடர்ந்தார். கார்டைத் தனித்தனிக் கட்டியாக மனப்பாடம் செய்வதை அவர் ஏற்கவில்லை. சி மேஜர் வரிசையில் ஐந்தாம், ஆறாம் சுரங்களுக்கு இடையே ஒரு சுரம் கூட்டி எட்டுச் சுரமாக்கினால், ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்கும்போது இரண்டு கார்டுகள் கிடைக்கும்: ஒன்று நிலைகொள்ளும், மற்றது நகரத் துடிக்கும். மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் இவற்றை மாற்றி மாற்றி வைத்தால் பாலட் ஓரிடத்தில் தேங்காமல் நடக்கும். நெதர்லாந்தின் ஹேக் நகரில் அவர் நடத்திய வகுப்புகளின் காணொளிகள் இணையத்தில் பரவி, அவரை நேரில் காணாத மாணவர்களை உருவாக்கின.

2020-இல் பெருந்தொற்று வகுப்பறையை மூடியபோது, 90 வயதான ஹாரிஸ் ஸூம் வழியாகக் கற்பித்தார். இணையத்தில் ஒலி தாமதமாகச் சேர்வதால் இருவர் சேர்ந்து வாசிக்க இயலாது. ஒருவர் வாசிக்க, மற்றவர் காத்திருந்து பதில் சொல்ல வேண்டும். அதோடு, பேச்சுக்காக வடிவமைத்த அம்மென்பொருள் மின்விசிறி இரைச்சலை அகற்றும் அதே வழியில், பியானோவில் நீண்டு ஒலிக்கும் சுரத்தையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். பாலட்டின் உயிர் அந்த நீண்ட சுரத்தில் இருப்பதால், இசை ஆசிரியர்கள் முதலில் கற்றுத்தந்தது எந்த அமைப்பை மாற்றினால் அசல் ஒலி வரும் என்பதை. ஹாரிஸ் 2021 டிசம்பர் 8-இல், 92-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, கொரோனா பாதிப்பால் காலமானார். அவருடைய எட்டுச் சுர முறையை அவரிடம் பயின்றவர்கள் வகுப்பறைகளிலும் இணையத்திலும் கற்பித்து வருகிறார்கள்.