ஒன்றுக்கும் சுழியத்துக்கும் இடையே: ரெடிட் மூலநிரலின் ஒரு வரி

திறந்த மூலநிரலில் இயங்கும் விவாதத் தளங்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை உரிமத்தில் தொடங்கி உரிமத்திலேயே முடிகின்றன. யார் எடுத்து நிறுவலாம், யார் மாற்றலாம், மாற்றியதை ஊருக்குத் திருப்பித் தர வேண்டுமா என்பவையே அவற்றின் கேள்விகள். சமூகத்தின் ஆட்சிமுறை என்று பேச்சு வந்ததும் அந்த ஆய்வுமரபு நிரலை விட்டுவிட்டு, மட்டுறுத்துநர்களையும் எழுதிவைத்த விதிமுறைகளையும் தேடிப் போய்விடுகிறது. பேச்சு நடக்கும் மண்டபத்தின் சுவரைப்போல நிரல் ஓரமாக நிற்கிறது. இந்தப் பிரிவினை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது ரெடிட் தளத்தின் மூலநிரலில் இருந்த ஒரே ஒரு வரியை.

2005-இல் தொடங்கிய ரெடிட், 2008 ஜூனில் தன் மூலநிரலைத் திறந்துவிட்டது. எரிதங்களையும் வாக்கு மோசடிகளையும் தடுக்கும் பகுதிகள் மட்டும் அதில் சேர்க்கப்படவில்லை. 2017 செப்டம்பரில், பொதுப் பதிப்பு புதுப்பிக்கப்படாது என்று அறிவித்து அதைக் காப்பகமாக மூடியது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அந்த நிரலில் பரவலாக வாசிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று, இடுகைகளை வரிசைப்படுத்தும் ‘ஹாட்’ என்ற சிறு செயற்கூறு. தளத்துக்குள் வரும் எவர் கண்ணிலும் முதலில் படும் பட்டியலை அமைத்தது அதுதான்.

அதன் அமைப்பு எளிது. ஆதரவு வாக்குகளிலிருந்து எதிர்ப்பு வாக்குகளைக் கழித்தால் ஓர் இடுகையின் மதிப்பெண் கிடைக்கும். குறியை நீக்கிவிட்டு அந்த எண்ணுக்குப் பத்தடிமான மடக்கை காணப்படுகிறது. எண் ஒன்றுக்குக் குறைந்தால் ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. மதிப்பெண் மிகை என்றால் குறி 1, குறை என்றால் −1, சுழியம் என்றால் 0. பிறகு காலம்: 2005 டிசம்பர் 8-ஆம் நாளின் ஒரு நொடியைத் தொடக்கமாகக் கொண்டு, இடுகை வெளியான நேரம்வரை எத்தனை நொடிகள் என்ற கணக்கு. அதை 45,000-ஆல் வகுக்கிறார்கள். 45,000 நொடி என்பது பன்னிரண்டரை மணி நேரம். ஆகவே 10 மதிப்பெண் பெற்ற இடுகை, பன்னிரண்டரை மணி நேரம் கழித்து வந்த 1 மதிப்பெண் இடுகைக்குச் சமம். 100 பெற்றது இருபத்தைந்து மணி நேரம் பிந்தி வந்ததற்குச் சமம். புதுமைக்கும் வாக்குக்கும் இடையே இப்படி ஒரு நாணயமாற்று விகிதத்தை நிறுவியது அழகான சிந்தனை என்பதில் ஐயமில்லை.

சிக்கல், இந்த மூன்றையும் சேர்க்கும் கடைசி வரியில் இருக்கிறது. பல ஆண்டுகள் அந்த வரி, மடக்கையோடு குறியையும் காலத்தையும் பெருக்கிய தொகையைக் கூட்டியது. குறி பெருக்கப்பட்டது வாக்கோடு அன்று, காலத்தோடு.

2010-இலேயே இச்செயற்கூற்றைக் கணிதச் சூத்திரமாக விளக்கிய கட்டுரையொன்று நிரலாளரிடையே பரவலாக வாசிக்கப்பட்டது. அதிலும் குறி காலத்தோடுதான் பெருக்கப்பட்டிருந்தது. மூன்றாண்டுகள் அதைப் பாராட்டி வாசித்தார்கள். தங்கள் தளங்களுக்கு அப்படியே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2013 இறுதியில்தான் அது பிழை என்ற குற்றச்சாட்டு பெரிய விவாதமாக வெடித்தது. உடனே இரண்டு கட்சிகள் உருவாயின. கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் இடம் மாறிவிட்டன, வெறும் கைத்தவறு என்றது ஒன்று. மக்கள் விரும்பாததைக் கண்ணில் படாமல் புதைக்கவே அப்படி வேண்டுமென்று எழுதப்பட்டது என்றது மற்றொன்று. பின்வந்த ஆய்வுகள் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மேலே போய்விட்டன. முதல் கட்சிக்கே பின்பற்றுவோர் அதிகம்.

இரண்டாவது வாசிப்பை முதலில் சோதிப்போம், ஏனெனில் அதைத் தீர்ப்பது எளிது. ஒரே நொடியில் வெளியான இரண்டு இடுகைகளில் ஒன்றின் மதிப்பெண் −1, மற்றதன் மதிப்பெண் −100 என்று கொள்வோம். குறி நீக்கப்பட்டபின் முதலாவதன் மடக்கை 0, இரண்டாவதன் மடக்கை 2. காலப் பகுதி இரண்டிலும் ஒரே அளவு கழிகிறது. விளைவு, −100 பெற்ற இடுகை −1 பெற்ற இடுகைக்கு மேலே நிற்கிறது. புதைக்கப்பட்டவற்றுள் பழையது புதியதைவிட உயரத்தில் இருக்கிறது. வெறுக்கப்பட்டதைப் புதைப்பதே நோக்கம் என்றால், அதிகம் வெறுக்கப்பட்டதற்கு மேலிடம் தரும் வரியை எவரும் திட்டமிட்டு எழுதியிருக்க முடியாது. ஆக, வடிவமைப்பு என்ற வாதம் நிற்காது.

அப்படியானால் முதல் கட்சியே சரி, பிழைதான், விவாதம் முடிந்தது என்று சொல்லிவிடலாமா? எழுதியவரின் கைத்தவறு என்பதை ஏற்றுக்கொண்டாலும், ஆண்டுக்கணக்கில் செயல்பட்ட ஒரு விதியின் பொருளை எழுதியவரின் கையில் தேடுவது போதாது. அது யார்மீது, எவ்விடத்தில், எவ்வளவு வலுவாகச் செயல்பட்டது என்பதே கேள்வி. பிழை என்ற சொல் அந்தக் கேள்வியை எழவிடாமல் செய்கிறது. இக்கட்டுரை முந்தைய ஆய்வுகளோடு முரண்படுவது இந்த இடத்தில்தான்.

கணக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2013 டிசம்பர் 8 அன்று ஒருவர் இடுகை ஒன்றைப் போடுகிறார். ரெடிட்டில் எழுதியவரின் ஆதரவு வாக்கு தானாகவே சேர்ந்துவிடும் என்பதால் தொடக்க மதிப்பெண் 1. எட்டாண்டுகளின் நொடிகள் 25 கோடியே 24 லட்சத்துக்கு மேல். 45,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5,610. மடக்கை 0, குறி 1. எனவே இடுகையின் வரிசை மதிப்பு 5,610. இப்போது யாரோ ஒருவர் ஒரே ஓர் எதிர்ப்பு வாக்கைப் போடுகிறார். மதிப்பெண் 0, குறி 0. பெருக்கிய காலம் முழுவதும் மறைந்து வரிசை மதிப்பு 0 ஆகிறது. அதாவது சற்றுமுன் வந்த இடுகை, 2005 டிசம்பரில் வெளியானதாகக் கணக்கில் எழுதப்படுகிறது. இன்னும் ஒருவர் எதிர்த்தால் −5,610. எட்டாண்டுப் பழமையிலிருந்து அதற்கும் எட்டாண்டுக்கு முந்தைய, தளமே பிறக்காத ஒரு காலத்துக்கு அது தள்ளப்படுகிறது. சுழியத்தில் விழுந்ததை மீட்க ஒரேயொரு ஆதரவு வாக்கு போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒருவர், பட்டியலின் அடியாழத்தில் கிடக்கும் இடுகையை எங்கே காண்பார்?

பெரிய சமூகங்களில் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு கணத்தில் கடக்கப்பட்டுவிடும். புதிய இடுகைகளின் பட்டியலை எப்போதும் சிலர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓர் எதிர்ப்புக்குப் பின்னால் பத்து ஆதரவுகள் வந்துவிடும். சிறிய சமூகத்தில் நிலைமை தலைகீழ். நாளுக்கு ஒன்றிரண்டு இடுகை வரும் இடத்தில், முதல் வாக்கு எதிர்ப்பாக இருந்தால், அந்த இடுகை சமூகம் தொடங்கிய நாளில் வந்து மிகை மதிப்பெண்ணோடு நிற்கும் ஒவ்வோர் இடுகைக்கும் கீழே போய்விடும். முன்பக்கத்தைத் திறப்பவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. ஒரே வரி, ஒரே தளம். ஆனால் பெரிய சமூகத்தில் அது பெரும்பான்மையின் ஆட்சி, சிறிய சமூகத்தில் முதலில் வந்த ஒற்றை எதிர்ப்பாளரின் தடையுரிமை. எந்த விதிமுறைப் பக்கத்திலும் எழுதப்படாத, எந்த மட்டுறுத்துநரும் அறிவிக்காத உரிமை அது. நிரல் விதியைக் காட்டும். அது எத்தனை முறை பயன்பட்டது என்பதைக் காட்டாது என்ற எச்சரிக்கை இங்கே தேவைதான். ஆனால் ஒரு தடையுரிமை இருந்ததா என்ற கேள்விக்கு எண்ணிக்கை விடையாகாது.

புதியவற்றுக்கெனத் தனிப் பட்டியல் இருந்ததே, அங்கே அந்த இடுகை கிடைத்திருக்குமே என்று ஒரு மறுப்பு உண்டு. இயல்பாகத் திறக்கும் பக்கம் வேறாக இருக்கும்போது, தேடிப் போனால் கிடைக்கும் என்பது ஆறுதலே தவிர விடையன்று. பொதுப் பதிப்பும் உண்மையில் ஓடிய நிரலும் ஒன்றா என்பது சற்றுக் கனமான மறுப்பு. மறைத்துவைத்த பகுதிகள் இருந்தன என்று மேலே சொன்னோம். ஆனால் மறைக்கப்பட்டவை மோசடித் தடுப்பைச் சேர்ந்தவை. வரிசைப்படுத்தும் செயற்கூறு திறந்தே கிடந்தது.

வரி ஏன் அத்தனை காலம் நீடித்தது என்பதற்கு நிரலே ஒரு தடயம் தருகிறது. செயற்கூற்றின் தலைப்புக் குறிப்பு, இது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ள இணையான செயற்கூற்றோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. ஒரே சூத்திரம் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தது; தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் அந்தச் சூத்திரத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது. இரண்டு குறிகளை இடம் மாற்றுவதென்றால் இரண்டு இடத்திலும் மாற்றி, சேமித்த வரிசைகளையும் மீண்டும் கட்ட வேண்டும். கைத்தவறாகப் பிறந்தது, மாற்றும் செலவினால் சட்டமாக இறுகியிருக்கலாம் என்பது நியாயமான ஊகம்.

காப்பகத்தில் இன்று கிடைக்கும் கடைசிப் பதிப்பில் வரி திருத்தப்பட்டிருக்கிறது. குறி இப்போது மடக்கையோடு பெருக்கப்படுகிறது. காலம் தனியே கூட்டப்படுகிறது. இதைப் பிழைதிருத்தம் என்று மட்டும் எழுதி நகர்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. புதிய வரியில் 1, 0, −1 மூன்றுக்கும் மடக்கை 0. ஆகவே முதல் எதிர்ப்பு வாக்குக்கும் இரண்டாவதற்கும் வரிசையில் எந்த விளைவும் இல்லை! −10 ஆனால்கூட இழப்பு பன்னிரண்டரை மணி நேரமே. எட்டாண்டு மதிப்புள்ள வாக்கு ஒரே திருத்தத்தில் மதிப்பற்றதாயிற்று. வாக்குரிமையின் எடை இவ்வளவு மாறியபோது, வாக்காளர் எவரிடமும் யாரும் கேட்கவில்லை. இது ஆட்சிமுறை மாற்றமில்லை என்றால் வேறு எது?

ஒன்றுக்கும் சுழியத்துக்கும் இடையிலான இந்த விளிம்பு கற்பனையன்று என்பதற்குப் பிற்காலத் திறந்த மூலநிரல்களே சாட்சி. 2012-இல் தொடங்கிய லாப்ஸ்டர்ஸ் தளத்தின் நிரல் ரெடிட்டின் மடக்கை முறையைத் தழுவியது. மதிப்பெண்ணோடு ஒன்றைக் கூட்டும் இடத்தில், சுழியத்தில் இருக்கும் இடுகைகள் உடனே செத்துவிடக் கூடாது என்பதற்காக இது என்ற பொருளில் ஒரு குறிப்பு அதில் இருக்கிறது. ஹேக்கர் நியூஸ் இடுகைகளுக்கு எதிர்ப்பு வாக்கையே வைக்காமல் சிக்கலைத் தவிர்த்தது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட லெம்மி, தன் ஆவணத்தின்படி மதிப்பெண்ணோடு மூன்றைக் கூட்டி மடக்கை காண்கிறது. மூன்றுக்கும் குறைவான எதிர்ப்பு பெற்றவை புதியவையாகவே தோன்ற வேண்டும் என்று அந்த ஆவணம் காரணமும் சொல்கிறது. அங்கே முதல் எதிர்ப்பு வாக்கு ஓர் இடுகையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். மூன்று தளங்கள், முதல் எதிர்ப்பாளருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். மட்டுறுத்துநர்களை மட்டும் நேர்காணும் ஆய்வுக்கு இவற்றுள் ஒன்றும் அகப்படாது.

உரிமத்தை மையமாகக் கொண்ட ஆய்வுமரபுக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. ரெடிட்டின் நிரலை நிறுவ போஸ்ட்கிரெஸ், கசாண்ட்ரா, ராபிட்எம்க்யூ, மெம்கேஷ் ஆகிய மென்பொருள்கள் எல்லாம் வேண்டும். எடுத்து ஓட்டும் உரிமை இருந்தாலும் அது சிலருக்கே கைகூடியது. பெரும் பயனாக இருந்தது வாசிக்கும் உரிமை. தளத்தில் வேலை பார்க்காத ஒருவர் ஒரு வரியைச் சுட்டி, இது என் சமூகத்துக்கு அநீதி செய்கிறது என்று எண்களோடு வாதிட முடிந்தது. எதிர்வாதமும் அதே வரியைச் சுட்டியே எழ வேண்டியிருந்தது. 2017-க்குப் பின் ரெடிட்டின் வரிசைமுறை எத்தனை முறை மாறியிருந்தாலும், வெளியிலிருப்பவர் விளைவைப் பார்த்து முறையிடலாமே தவிர வரியைக் காட்டி மறுக்க முடியாது.