படித்திருக்கிறீர்களா? - க.நா.சு. என்ற வாசகர்

ஒரு நாவல் நல்ல நாவல் என்று முடிவு செய்வது யார்? 1950களின் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு எளிதான பதில் ஒன்று இருந்தது. எந்தத் தொடர்கதைக்காக வாரப் பத்திரிகை அதிகம் விற்கிறதோ, அதுதான் நல்ல கதை. வீட்டில் பத்திரிகை வந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டை நடந்த காலம் அது. அந்தக் காலத்தில், விற்பனை வேறு, இலக்கியம் வேறு என்று ஒருவர் விடாமல் சொல்லிக் கொண்டிருந்தார். அவர் க.நா.சுப்ரமண்யம், சுருக்கமாக க.நா.சு.

க.நா.சு. 1912ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டம் வலங்கைமானில் பிறந்தார். மகன் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்க வேண்டும் என்பது அவருடைய தந்தையின் ஆசை. மகனோ தமிழுக்கு வந்து சேர்ந்தார். பொய்த்தேவு, ஒரு நாள் போன்ற நாவல்களை எழுதினார். சூறாவளி, சந்திரோதயம், இலக்கிய வட்டம் ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். எதுவும் நீண்ட நாள் நிற்கவில்லை. நட் ஹாம்சன், செல்மா லாகர்லெவ், பேர் லாகர்குவிஸ்ட் போன்ற ஐரோப்பிய எழுத்தாளர்களைத் தமிழில் மொழிபெயர்த்தார். ஆனால் இன்று பலரும் அவரை நினைப்பது இவை எல்லாவற்றையும் விட அவருடைய பட்டியல்களுக்காகத்தான்!

தன் காலத்துத் தமிழ் நூல்களில் தனக்குப் பிடித்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதினார். அந்தக் கட்டுரைகள் 1950களின் பிற்பகுதியில் 'படித்திருக்கிறீர்களா?' என்ற பெயரில் புத்தகமாக வந்தன. கதை இன்னது, இதில் எனக்குப் பிடித்தது இன்னது, நீங்களும் படியுங்கள் என்று ஒரு நண்பரிடம் பேசுவது போன்ற எழுத்து. கோட்பாடு கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆர். சண்முகசுந்தரம் எழுதிய நாகம்மாள் நல்ல உதாரணம். 1942இல் வந்த சிறிய நாவல். கொங்கு நாட்டுக் கிராமத்தில் கணவனை இழந்த ஒரு பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அந்தப் பிரச்சினை வளர்ந்து கொலையில் முடிகிறது. பாத்திரங்கள் அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுகின்றன. அரண்மனையும் இல்லை, அழகான கல்லூரிக் காதலர்களும் இல்லை. இப்படி ஒரு புத்தகம் சத்தமில்லாமல் மறைந்து போவது சுலபம். க.நா.சு. அதன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்று தமிழில் வட்டார நாவல் பற்றிப் பேசுபவர்கள் நாகம்மாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பின்னாளில் நீல. பத்மநாபனின் தலைமுறைகள் நாவலைப் பாராட்டியதோடு அவர் நிற்கவில்லை. அதைத் தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கருத்துச் சொல்வது சுலபம், அதற்காக மாதக்கணக்கில் உழைப்பது கஷ்டம்.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. கல்கியின் நாவல்கள் இலக்கியம் ஆகாது என்று சொன்னால் வாசகர்கள் சும்மா இருப்பார்களா? இலங்கையின் மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி, சமூகத்தைக் கணக்கில் எடுக்காத வெறும் ரசனை என்று அவரைக் கடுமையாக விமர்சித்தார். இவர்களை விட முக்கியமான மறுப்பு சக பயணியான சி.சு. செல்லப்பாவுடையது. 1959இல் எழுத்து பத்திரிகையைத் தொடங்கிய செல்லப்பா, ஒரு படைப்பைப் பிரித்து அலசி, ஏன் நல்லது என்று காட்ட வேண்டும் என்றார். வெறும் பெயர்ப் பட்டியல் விமர்சனம் ஆகாது என்பது அவர் கட்சி.

செல்லப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. க.நா.சு. பல இடங்களில் காரணமே சொல்வதில்லை. இது நல்ல நாவல், அது மோசம் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார். போதாததற்கு அவரே நாவலாசிரியர். போட்டியில் ஓடுபவரே நடுவராகவும் இருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

ஆனாலும் அவர் கருத்துகள் நிலைத்தன. விற்பனையையோ பதவியையோ பட்டத்தையோ அவர் ஆதாரமாகக் காட்டவில்லை. ஒரு வாசகனாக நின்று, தன் பெயரில் சொன்னார். பகையையும் தானே ஏற்றுக் கொண்டார். அந்தக் கருத்தைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. அந்தப் புத்தகத்தைப் படிப்பது!

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. சொந்த ரசனையை வளர்த்துக் கொள்ளுங்கள் என்று சொன்னவரின் பட்டியலை, பின்னால் வந்த பலர் அந்தப் புத்தகங்களைப் படிக்காமலேயே ஒப்பித்தார்கள். பத்திரிகை விற்பனையைப் பார்த்துக் கதையை மதிப்பிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1986இல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1988 டிசம்பரில் டெல்லியில் காலமானார். 2006இல் அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. எனவே தேடினால் கிடைக்கும்.

அவர் வைத்த தலைப்பைக் கவனியுங்கள். 'படியுங்கள்' என்று கட்டளையாக இல்லை, 'படித்திருக்கிறீர்களா?' என்று கேள்வியாக இருக்கிறது. நாகம்மாளைப் படித்து முடித்துவிட்டு, க.நா.சு. சொன்னது தவறு என்று ஒருவர் சொன்னாலும் அவருடைய கேள்விக்கு அது சரியான பதில்தான்.